ரீபூட்டுக்குப் பிறகு எழாத எஸ்க்யூஎல் சர்வர்: காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலையில் ஒரு திங்கட்கிழமை

ஜூன் நடுவில் ஒரு திங்கட்கிழமை. காலை 6 மணி இருக்கும், எடைமேடையில் இருக்கும் தம்பி போன் செய்தார். "அண்ணா, டோக்கன் போட முடியல. சாஃப்ட்வேர் ஓப்பனே ஆகமாட்டேங்குது. வெளிய பதினோரு வண்டி நிக்குது." பின்னால் லாரி ஹாரனும், யாரோ ஒருவர் சத்தம் போடுவதும் கேட்டது.

இடம் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலை, அங்கே கணினிகளையும் சர்வர்களையும் பார்த்துக்கொள்வது நான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்காய் சீசன் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பெங்களூரா என்று நாங்கள் சொல்லும் தோத்தாபுரி ரகம் லாரியிலும் டிராக்டரிலும் வந்துகொண்டே இருக்கும், ஆலை இரவு பகலாக ஓடும், வருடத்து வியாபாரம் சில மாதங்களுக்குள் முடிந்துவிடும். வண்டியிலேயே நிற்கிற காய் வெயில் ஏற ஏற எடை குறையும், அடியில் இருப்பது நசுங்கும். நட்டம் விவசாயிக்கு. அதனால் சீசனில் சர்வரைத் தொடுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. விண்டோஸ் அப்டேட்களை ஏப்ரல் முதல் வாரத்தில் போட்டு ஒரு ரீபூட் கொடுத்தால், அடுத்தது சீசன் முடிந்த பிறகுதான். இது நல்ல பழக்கம் என்று சொல்ல வரவில்லை. நடப்பது இதுதான், இந்தக் கதைக்கும் அதுதான் அடித்தளம்.

அங்கே இருப்பது சின்ன அமைப்பு. ஒரு டொமைன் கன்ட்ரோலர், அதாவது டொமைன் என்ற ஒரே குழுவில் இருக்கும் கணினிகளின் கணக்குகளையும் பாஸ்வேர்ட்களையும் சரிபார்க்கும் சர்வர். விண்டோஸ் சர்வர் 2019-இல் எஸ்க்யூஎல் சர்வர் 2019 ஸ்டாண்டர்ட் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் ஓடும் ஒரு டேட்டாபேஸ் சர்வர். எடைமேடை, லேப், ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ் என்று இருபதுக்குச் சற்று மேற்பட்ட கணினிகள். எடைமேடையின் எண் காட்டும் கருவி சீரியல் கேபிள் வழியாக அங்கிருக்கும் கணினியோடு பேசும், அந்தக் கணினி டேட்டாபேஸோடு பேசும். டேட்டாபேஸ் இல்லையென்றால் டோக்கன் இல்லை, டோக்கன் இல்லையென்றால் வண்டி உள்ளே வராது.

ஞாயிறு இரவு காற்றும் மழையுமாக அடித்ததில் கரண்ட் போயிருக்கிறது. யுபிஎஸ் பேட்டரி பழசு, கொஞ்ச நேரம் தாங்கிவிட்டுக் கையை விரித்துவிட்டது. இரண்டு சர்வரும் அப்படியே விழுந்தன. அதிகாலை 3:10-க்குக் கரண்ட் வந்ததும் தானாகவே எழுந்தன. பயாஸில் அப்படித்தான் வைத்திருக்கிறேன், அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

கேபிளில் தொடங்கிய காலை

எடைமேடைத் திரையில் வந்த பிழைச் செய்தி 'நெட்வொர்க் தொடர்பான பிழை, சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்கிற வகை. எஸ்க்யூஎல் சர்வரோடு பழகியவர்களுக்கு அந்த நீண்ட வாக்கியம் மனப்பாடமாகவே இருக்கும். அதில் முதலில் கண்ணில் படுவது நெட்வொர்க் என்ற சொல்தான். ஆகவே நான் தருமபுரியிலிருந்து பைக்கில் போய்ச் சேர்வதற்குள் அங்கே கேபிள் மாற்றியாகிவிட்டது, சுவிட்சை இரண்டு முறை அணைத்துப் போட்டாகிவிட்டது, கன்வேயர் பக்கத்து எலெக்ட்ரீஷியன் ஒருவர் ஏணி போட்டுச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தார்.

ஒன்று மட்டும் நல்லதாக நடந்திருந்தது. எடைமேடைத் தம்பி புத்தியோடு ஒரு நோட்டை எடுத்து வண்டி எண், மொத்த எடை, நேரம் மூன்றையும் கையால் எழுதிக்கொண்டு வண்டிகளை உள்ளே விட ஆரம்பித்திருந்தார். காட்டும் கருவி தனியாக ஓடும், அதற்கு டேட்டாபேஸ் தேவையில்லை. யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு ஆலையைக் காப்பாற்றியது நான் இல்லை, அந்த நோட்டுதான்.

டேட்டாபேஸ் சர்வருக்குப் பிங் போனது. எஸ்க்யூஎல் சர்வர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய 1433 போர்ட் மூடியிருந்தது. அதாவது வழி இருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை. விண்டோஸின் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களைக் காட்டும் சர்வீசஸ் கன்சோலைத் திறந்தால் எஸ்க்யூஎல் சர்வரும், நேரம் குறித்த வேலைகளைப் பார்க்கும் அதன் ஏஜென்ட்டும் நின்றிருந்தன. ஸ்டார்ட் கொடுத்தேன். பிழை எண் 1069: லாகின் தோல்வியால் சர்வீஸ் தொடங்கவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போகலாம், ஏனென்றால் போனில் 'லாகின் ஃபெயில்' என்று சொல்பவர்களில் பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் இன்னொன்றையும் சொல்கிறார்கள். ஒரு லாகின், எஸ்க்யூஎல் சர்வர் என்ற சர்வீஸ் ஒரு கணக்கின் பெயரில் விண்டோஸுக்குள் நுழைவது. அதில் தோற்றால் வருவது 1069. இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸுக்குள் பயனரோ சாஃப்ட்வேரோ நுழைவது. அதில் தோற்றால் 18456. முதலாவது தோற்றால் இரண்டாவதற்கு இடமே இல்லை.

அதனால்தான் எஸ்க்யூஎல்லின் எரர்லாக் கோப்பில் மணிக்கணக்காகத் தேடுவது வீண். அன்றும் அந்தக் கோப்பின் கடைசி வரி ஞாயிறு இரவோடு நின்றுவிட்டது. சர்வீஸ் உயிரே பெறவில்லை என்றால் அது எங்கே எழுதும்? இந்த விஷயத்துக்குப் பார்க்க வேண்டியது, நடந்தவற்றின் பதிவுகளை எண்ணோடு காட்டும் விண்டோஸின் ஈவன்ட் வியூவர், அதில் சிஸ்டம் லாக்.

1069-க்குப் பின்னால் இருப்பது

1069 ஒரு மூடிய உறை மாதிரி. உள்ளே இருக்கிற கடிதம் 7038, 7041 போன்ற ஈவன்ட்களில்தான் கிடைக்கும். பாஸ்வேர்ட் தப்பா (விண்டோஸ் எண் 1326), கணக்கு பூட்டப்பட்டதா (1909), பாஸ்வேர்ட் காலாவதியா (1330), கணக்கே முடக்கப்பட்டதா (1331), டொமைன் கன்ட்ரோலர் கிடைக்கவில்லையா (1311), கடிகாரம் விலகிவிட்டதா (1398), சர்வீஸாக நுழையும் உரிமை இல்லையா (1385). எல்லாமே திரையில் பெரும்பாலும் அதே 1069-ஆக வந்து நிற்கும்.

சிஸ்டம் லாக்கில் அதிகாலை 3:12 வாக்கில் நான்கு சிவப்பு வரிகள். டொமைன் கன்ட்ரோலரோடு பேசும் நெட்லாகன் சர்வீஸிடமிருந்து 5719, அதனோடு பாதுகாப்பான இணைப்பு ஏற்படவில்லை என்று. எஸ்க்யூஎல் சர்வருக்கு 7038, கூடவே 7000. நான்காவது, எஸ்க்யூஎல்லின் டெலிமெட்ரி சர்வீஸுக்கு ஒரு 7041.

5719-ஐப் பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு சர்வரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கின்றன, டொமைன் கன்ட்ரோலர் தயாராவதற்குள் டேட்டாபேஸ் சர்வர் அவசரப்பட்டிருக்கிறது, இப்போது ஸ்டார்ட் கொடுத்தால் ஓடும். கரண்ட் போய் வந்த இடங்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான்தான் சற்று முன்பு ஸ்டார்ட் கொடுத்து 1069 வாங்கியிருந்தேனே! டொமைன் கன்ட்ரோலர் எழுந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த 5719 உண்மையான ஈவன்ட்தான், இந்தக் கேள்விக்கு விடை மட்டும் இல்லை.

கடிகாரத்தையும் பார்த்தேன். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 செல் செத்துப்போயிருந்தால் கரண்ட் போய் வந்த இயந்திரம் பழைய தேதியில் எழும். டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை முன்னிருப்பாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். இரண்டு சர்வரிலும் நேரம் ஒத்துப்போனது.

மிச்சம் இருந்தது 7038 மட்டும். அதன் செய்தி நேராகவே சொன்னது: பெயரோ பாஸ்வேர்டோ தவறு. என்னிடம் பழைய பாஸ்வேர்ட் குறிப்பேட்டில் இருந்தது. போட்டேன், வரவில்லை. கையெழுத்து சரியில்லையோ என்று சைபரை 'ஓ' எழுத்தாக மாற்றிப் போட்டேன். இன்னொரு தடவை. ஏஜென்ட் சர்வீஸுக்கும் போட்டுப் பார்த்தேன். அந்த டொமைனில் ஐந்து தவறான முயற்சிக்குக் கணக்கு பூட்டிக்கொள்ளும் என்று வைத்தவனே நான்தான். 7038-இன் செய்தி மாறிவிட்டது: கணக்கு பூட்டப்பட்டுள்ளது. அப்போது மணி ஏழே கால். மேனேஜர் கதவருகே வந்து நின்று எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

டொமைன் கன்ட்ரோலருக்குப் போய்ப் பூட்டை எடுத்துவிட்டு, முதலிலேயே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன். அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் கடைசியாக எப்போது மாறியது? பவர்ஷெல்லில் ஒரே வரிக் கட்டளை. மே முதல் வாரம் என்று வந்தது.

அப்புறம் டேட்டாபேஸ் சர்வர் இதற்கு முன் எப்போது பூட் ஆனது? சிஸ்டம் இன்ஃபோ கட்டளை இன்று அதிகாலையைத்தான் காட்டும், ஆகவே சிஸ்டம் லாக்கில் 6005 என்ற ஈவன்ட்டை மட்டும் வடிகட்டினேன். ஒவ்வொரு முறை விண்டோஸ் எழும்போதும் அது பதியும். இன்றைக்கு ஒன்று, அதற்கு முன்பு ஏப்ரல் முதல் வாரத்தில் ஒன்று. நடுவில் எதுவும் இல்லை.

பாஸ்வேர்ட் மாறியது மே மாதம். சர்வீஸ் நுழைந்தது ஏப்ரல் மாதம். ஒரு சர்வீஸ் தொடங்கும்போது விண்டோஸ் பாஸ்வேர்டைச் சரிபார்த்து அதற்கு ஒரு டோக்கனைக் கொடுக்கும். எடைமேடை டோக்கன் மாதிரிதான், உள்ளே வந்த வண்டியை யாரும் மறுபடி வாசலில் நிறுத்திக் கேட்பதில்லை. வெளியே பாஸ்வேர்ட் மாறினாலும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் ஏப்ரலில் வாங்கிய டோக்கனோடு ஓடும். ரீபூட் ஆகும்போதுதான் வாசல் வழியாகத் திரும்ப வர வேண்டும். ஆக, இது மே மாதமே உடைந்துவிட்டது, உடைந்தது ஜூனில் தெரிந்தது. கரண்ட் மேல் பழி போட எல்லோரும் தயாராக இருந்தார்கள், நானும்தான்.

இடையில் ஏன் ஒரு அறிகுறியும் இல்லை என்று அப்புறம் யோசித்தேன். ஆலை சாஃப்ட்வேர் டேட்டாபேஸுக்குள் நுழைவது எஸ்க்யூஎல்லின் சொந்த லாகின் வழியாக, விண்டோஸ் கணக்கு வழியாக இல்லை. பேக்கப் உள்ளூர் டிஸ்க்கிலேயே எழுதப்படுகிறது, ஆகவே சர்வீஸ் அந்தக் கணக்கோடு வெளியே எங்கும் போகத் தேவையில்லை. அந்தக் கணக்கின் பேரில் எஸ்பிஎன் (கெர்பரோஸ் ஒரு சர்வீஸை அடையாளம் காணும் பெயர்) பதிவாகியிருந்து, பயனர்களும் கெர்பரோஸ் வழியாக வந்திருந்தால், புது பாஸ்வேர்டின் சாவியால் பூட்டிய டிக்கெட்டைப் பழைய சாவியோடு இருக்கும் சர்வீஸால் திறக்க முடியாது. எஸ்எஸ்பிஐ என்கிற விண்டோஸ் லாகின் பிழை வந்து ஓரிரு நாளிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். இங்கே அமைப்பு எளிமையாக இருந்ததால் கோளாறு மறைந்து உட்கார வசதியாகப் போய்விட்டது.

மாற்றியது யார்? என்னோடு வேலை செய்யும் தம்பிக்குப் போன் போட்டேன்.

"மே மாசம் அங்க ஏதாவது அக்கவுண்ட் பாஸ்வேர்ட் மாத்தினியாப்பா?"

"ஆமாங்ண்ணா. அக்கவுண்ட்ஸ் ரூம்ல புது சிஸ்டம் வச்சோம்ல, நெட்வொர்க் ஸ்டோரேஜ் இருக்குல்ல, அந்த என்ஏஎஸ்சுக்கு பேக்கப் காப்பி பண்ற டாஸ்க் அதுல போடணும்னு. பழைய பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியல. ரீசெட் பண்ணிட்டேன்."

"அது எஸ்க்யூஎல் சர்வீஸ் ஓடுற அக்கவுண்ட்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "பேர்ல பேக்கப்னு இருந்துச்சுண்ணா."

அவர் சொன்னது சரி. அந்தக் கணக்கின் பெயர் 'எஸ்க்யூஎல் பேக்கப்'. எனக்கு முன்னால் இந்த அமைப்பைப் போட்டவர் எப்போதோ பேக்கப்புக்காக உருவாக்கியதையே சர்வீஸுக்கும் வைத்துவிட்டார். நானும் வருடக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டே மாற்றாமல் விட்டிருந்தேன். தம்பியைத் திட்ட வாய் வரவில்லை.

நல்லவேளை, நானே அவசரத்தில் இன்னொரு முறை ரீசெட் செய்யவில்லை. டொமைன் அட்மின் கையில் இருக்கும்போது அது ஒரு நிமிட வேலை, கை அரிக்கும். செய்திருந்தால் அன்றிரவு என்ஏஎஸ் காப்பி நின்றிருக்கும், அது எப்போது தெரிய வந்திருக்குமோ. தம்பி புது பாஸ்வேர்டைச் சொன்னார். சர்வீசஸ் கன்சோலிலேயே போட்டேன். ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது, ஓகே கொடுத்தேன். ஸ்டார்ட். பச்சை.

உடனே ஸ்டோர்ஸிலிருந்து குரல்: "சார், லாகின் ஃபெயில்னு வருது!" இது இரண்டாவது வகை, 18456. பயனர் திரையில் இதன் ஸ்டேட் எண் 1 என்றுதான் வரும், காரணத்தை வெளியாளுக்குச் சொல்லக் கூடாது என்பதற்காக. உண்மையான எண் எரர்லாக்கில் இருக்கும். 5 என்றால் அப்படி ஒரு லாகினே இல்லை, 8 என்றால் பாஸ்வேர்ட் தவறு, 38 என்றால் கேட்ட டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை. அங்கே இருந்தது 38. கரண்ட் போய் விழுந்த டேட்டாபேஸ் பாதியில் நின்ற வேலைகளைச் சரிசெய்து எழுந்துகொண்டிருந்தது. எரர்லாக்கில் ரிக்கவரி சதவீதம் ஏறுவது தெரிந்தது. இந்த நேரத்தில் பொறுமை இழந்து சர்வீஸை மறுபடி நிறுத்தினால் அது திரும்ப ஆரம்பத்திலிருந்து தொடங்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன், எல்லோரும் உள்ளே இருந்தார்கள்.

இரவு 9 மணி

சரி செய்தாயிற்று என்று கிளம்பியிருக்கலாம். ஆனால் ரீபூட்டில் விழுந்த ஒன்றை ரீபூட் செய்து பார்க்காமல் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வராது. மேனேஜரிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "ஓடிட்டிருக்கறத எதுக்கு சார் நிறுத்தணும்?" என்றார். கடைசியில் இரவு ஷிப்ட் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் கொடுத்தார்.

9 மணிக்கு ரீபூட். எழுந்தது. எஸ்க்யூஎல் சர்வீஸ் நின்றிருந்தது. ஸ்டார்ட் கொடுத்தால் 1069.

காலையில் போட்ட அதே பாஸ்வேர்ட், பகல் முழுக்க ஓடிய அதே சர்வீஸ். நல்லவேளை இந்த முறை கை பாஸ்வேர்டுக்குப் போகவில்லை, கண் ஈவன்ட் எண்ணுக்குப் போனது. 7038 இல்லை, 7041. பாஸ்வேர்ட் சரி, ஆனால் இந்தக் கணக்குக்கு இந்தக் கணினியில் இந்த வகையில் நுழைய உரிமை தரப்படவில்லை.

விண்டோஸில் ஒரு கணக்கு சர்வீஸாக ஓடுவதற்கு 'சர்வீஸாக லாகின் செய்தல்' என்று தனி உரிமை வேண்டும். அட்மினாக இருந்தால்கூட இது தானாக வராது. உள்ளூர்ப் பாதுகாப்புக் கொள்கையைத் திறந்தேன். அந்த வரி சாம்பல் நிறத்தில், மாற்ற முடியாதபடி இருந்தது. அப்படி இருந்தால் மேலே டொமைனிலிருந்து ஒரு குரூப் பாலிசி (கணினிகளுக்கு ஒரே இடத்திலிருந்து இடும் விதி) அதைப் பிடித்துவைத்திருக்கிறது என்று பொருள். அட்மினாகத் திறந்த கட்டளைச் சாளரத்தில், எந்தப் பாலிசி எங்கிருந்து வருகிறது என்று காட்டும் ஜிபிரிசல்ட் அறிக்கை எடுத்தேன். சாதாரணமாகத் திறந்தால் கணினிக்கான பகுதி வராது, இதில் நிறையப் பேர் தடுக்கி விழுவார்கள். டொமைன் முழுவதற்குமான டிஃபால்ட் பாலிசியிலேயே அந்த உரிமை வரையறுக்கப்பட்டிருந்தது. பட்டியலில் ஒரே ஒரு பெயர்: கைரேகை வருகைப்பதிவு சாஃப்ட்வேரின் கணக்கு.

மூன்று வாரத்துக்கு முன்னால் வருகைப்பதிவு போட வந்தவர்கள் தங்கள் சர்வீஸ் ஓடவில்லை என்று அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி இதைச் செய்திருக்கிறார்கள். அவர்கள் வேலை முடிந்தது. ஆனால் குரூப் பாலிசியில் ஓர் உரிமையை வரையறுத்தால், அது இருக்கிற பட்டியலோடு சேராது, பட்டியலையே மாற்றி எழுதிவிடும். எஸ்க்யூஎல் கணக்கும் போனது, முன்னிருப்பாக இருக்கும் 'ஆல் சர்வீசஸ்' குழுவும் போனது. லோக்கல் சிஸ்டம், நெட்வொர்க் சர்வீஸ் போன்ற உள்கணக்குகளில் ஓடும் விண்டோஸ் சர்வீஸ்களுக்கு இந்தப் பட்டியல் தேவையில்லை என்பதால் மற்றவை எல்லாம் ஒழுங்காக ஓடின.

இப்போது காலையில் நடந்தது வேறு மாதிரி தெரிந்தது. விண்டோஸ் முதலில் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும், அது சரியென்றால்தான் உரிமையைப் பார்க்கும். அதிகாலையிலேயே இரண்டு கோளாறும் இருந்தன. முதலாவது இரண்டாவதை மறைத்துக்கொண்டது. காலையில் நான் பாஸ்வேர்ட் போட்டபோது எட்டிப் பார்த்த அந்தச் சின்னப் பெட்டி இருக்கிறதே, அது சொன்னது 'இந்தக் கணக்குக்கு சர்வீஸாக லாகின் செய்யும் உரிமை வழங்கப்பட்டது' என்று. ஏற்கெனவே உரிமை இருந்தால் அந்தப் பெட்டி வந்திருக்காது. இரண்டு மாதம் ஓடிய ஒரு சர்வீஸின் கணக்குக்கு அந்த உரிமை எப்படி இல்லாமல் போனது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஓகே கொடுத்துவிட்டேன்.

இன்னொரு தடயமும் இருந்தது. அதிகாலை நான்கு சிவப்பு வரிகளில் நான்காவது, டெலிமெட்ரிக்கு வந்த 7041. அந்த சர்வீஸ் விண்டோஸே நிர்வகிக்கும் விர்ச்சுவல் கணக்கில் ஓடுவது, அதற்குப் பாஸ்வேர்டே கிடையாது. பாஸ்வேர்ட் இல்லாத கணக்கு லாகினில் தோற்கிறது என்றால் பிரச்சினை பாஸ்வேர்டோடு முடியவில்லை என்று அர்த்தம். மைக்ரோசாஃப்டுக்குத் தகவல் அனுப்பும் சர்வீஸ்தானே, விழுந்தால் விழட்டும் என்று தாண்டிப் போயிருந்தேன்.

காலையில் கன்சோல் கொடுத்த உரிமை இரவுக்குள் எங்கே போனது என்பதற்கும் கணக்கு உண்டு. குரூப் பாலிசி பின்னணியில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, கூடவே 30 நிமிடம் வரை ஏதோ ஓர் அளவு சேர்த்து, புதுப்பித்துக்கொள்ளும். மாறாத பாலிசிகளை அப்போது தாண்டிவிடும். ஆனால் பாதுகாப்பு அமைப்புகளை மட்டும், ஒரு மாற்றமும் இல்லாவிட்டாலும், 16 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடும். அதிகாலை 3:10 பூட்டில் ஒருமுறை, இரவு 7:20 வாக்கில் மறுமுறை. சர்வீஸ் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, காலையில் வாங்கிய டோக்கனோடு. இரவு ரீபூட் செய்யாமல் நான் வீட்டுக்குப் போயிருந்தால், அடுத்த முறை கரண்ட் போகும்போது இதே கதை புதிதாகத் தொடங்கியிருக்கும். பாஸ்வேர்டை மறுபடி போட்டால் மறுபடி ஓடும், யாருக்கும் காரணம் புரியாமல் 'ரீபூட் ஆனா பாஸ்வேர்ட் திரும்பப் போடணும்' என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அப்படி ஒட்டிய சீட்டை வேறு ஓர் இடத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

மாற்றியவை

அன்றிரவு செய்தது ஒட்டுவேலைதான். பாலிசிப் பட்டியலில் எஸ்க்யூஎல் கணக்கையும் ஆல் சர்வீசஸ் குழுவையும் சேர்த்து, பாலிசியைக் கட்டாயமாகப் புதுப்பித்து, சர்வீஸைத் தொடங்கி, இன்னொரு ரீபூட். 9:40-க்கு எழுந்தது, இந்த முறை தானாக. மேனேஜர் கொடுத்த பத்து நிமிடம் நாற்பதாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு நிதானமாகப் போய் மற்றதைச் செய்தேன். அந்த உரிமையை டிஃபால்ட் டொமைன் பாலிசியிலிருந்து எடுத்து, வருகைப்பதிவுக் கணினிக்கு மட்டும் தனி பாலிசியாக வைத்தேன், அதிலும் ஆல் சர்வீசஸ் குழுவைச் சேர்த்தே. முதலில் எழுதிய பாலிசியை எடுத்துவிட்டால் பழைய பட்டியல் எல்லாக் கணினிகளிலும் தானாகத் திரும்பி வந்துவிடும் என்று நம்பக் கூடாது, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

எஸ்க்யூஎல்லை எந்தக் கணக்கில் ஓட்டுவது என்பதில்தான் அதிகம் யோசித்தேன். குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுண்ட் என்று ஒன்று விண்டோஸ் சர்வர் 2012-இலிருந்து இருக்கிறது. பாஸ்வேர்டை டொமைன் கன்ட்ரோலரே உருவாக்கி, முன்னிருப்பாக 30 நாளுக்கு ஒருமுறை தானே மாற்றும். மனிதக் கைக்கு வேலையில்லை. கேட்க நன்றாக இருக்கிறது, பெரிய இடங்களுக்கு அதுதான் சரி. ஆனால் இங்கே ஒரே ஒரு டேட்டாபேஸ் சர்வர், அது நெட்வொர்க்கில் வேறு எந்தக் கணினியையும் தொடுவதில்லை. டொமைன் கணக்கே எதற்கு? எஸ்க்யூஎல் நிறுவும்போது தானாக வரும் விர்ச்சுவல் கணக்கு போதும். அதற்குப் பாஸ்வேர்ட் இல்லை, யாரும் ரீசெட் செய்யவும் முடியாது, டொமைன் கன்ட்ரோலர் தாமதமாக எழுந்தாலும் அது காத்திருக்காது. என்னைக் கேட்டால் இந்த அளவு ஆலைகளில் டொமைன் கணக்கு போடுவது பலசரக்குக் கடைக்கு வங்கி லாக்கர் வைக்கிற மாதிரி.

மாற்றத்தை இந்த முறை எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜர் வழியாகச் செய்தேன். சர்வீசஸ் கன்சோல் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றி, சர்வீஸாக நுழையும் உரிமையைக் கொடுப்பதோடு நின்றுவிடும். கான்ஃபிகரேஷன் மேனேஜர் ரெஜிஸ்ட்ரி அனுமதிகள் போன்ற மற்ற ஏற்பாடுகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். பாஸ்வேர்ட் மட்டும் மாற்றுவதாக இருந்தாலும் அதிலேயே செய்வதுதான் முறை. திங்கட்கிழமை நான் கன்சோலில் செய்தது அவசரத்துக்கு ஓடியது, அவ்வளவுதான். பழைய 'எஸ்க்யூஎல் பேக்கப்' கணக்கு இப்போது உண்மையிலேயே பேக்கப் காப்பிக்கு மட்டும்.

டொமைன் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றினேன். வருகைப்பதிவுக்காரர்களிடம் கொடுத்த நாளிலிருந்து அது அவர்களிடமும் இருந்தது. யுபிஎஸ் பேட்டரிக்கான விலைப்பட்டியல் மேனேஜர் மேசையில் இருக்கிறது.

அந்த வாரம் முழுக்க நான் பார்க்கும் மற்ற இடங்களிலும் ஒரே ஒரு சோதனை செய்தேன். டொமைன் கணக்கில் ஓடும் ஒவ்வொரு சர்வீஸுக்கும் இரண்டு தேதிகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்: கணக்கின் பாஸ்வேர்ட் மாறிய தேதி, சர்வர் கடைசியாக எழுந்த தேதி. பாஸ்வேர்ட் பிந்தியது என்றால், சர்வீஸில் புதியதை யாராவது போட்டு வைத்திருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். இரண்டு இடங்களில் யாரும் போடவில்லை. ஓசூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் சொன்னவுடன் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள், சரிசெய்து ரீபூட்டும் செய்தாயிற்று. தருமபுரியிலேயே இன்னொரு இடம். அங்கே முதலாளி கேட்டுவிட்டு, "இப்ப ஓடுதுல்ல தம்பி? அப்ப விடுங்க" என்றார். அந்த சர்வர் இன்னும் ரீபூட் ஆகவில்லை.